மழைக்குப் பின் துளிர்த்த சோளம்

கள அலுவலர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வரவேற்பையும் வாழ்த்தையும் மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். நான் ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் கைப்பேசியில் இன்னும் கேட்காமல் கிடக்கும் குரல் செய்திகள் எத்தனை? முதலில் எடுத்துக் கேளுங்கள், அப்புறம் மேலே படிக்கலாம்.

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. வேலையில் இருந்தபோதும் அப்படித்தான், ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான். இதை எழுதத் தொடங்கியதிலிருந்து மூன்று முறை எழுந்துபோய் வாசல் கேட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. "பூட்டித்தானே இருக்கு, அது எங்க போவப் போவுது?" என்று மனைவி கத்துகிறாள். இப்படிப்பட்ட நான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை நாற்காலியில், முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் பால் சங்கத்து மாட்டுக்காரர்களை இனிமேல்தான் சந்திப்பீர்கள். காப்பார், மேரு, சுங்கை பூலோ, செமினி என்று ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள். ஐந்து மாடு, பத்து மாடு. நேற்றுவரை புல் அறுத்த இடத்தில் இன்று தாமான் என்று வீட்டு வரிசை எழும்பியிருக்கும். இருக்கிற ரோட்டோரப் புல்லும் வெயில் மாதங்களில் கருகிப் போகும். சரியாக அந்த நேரத்தில்தான் ஆடி பிறக்கும். கோயில் தவறாமல் பால்குடம், அபிஷேகம். மாட்டுக்குத் தின்ன ஒன்றும் இல்லாதபோதுதான் ஊரே பால் கேட்கும்.

அந்த வருடம் தஞ்சோங் காராங் பக்கம் நெல் அறுத்து முடித்ததும், கால்வாய் பழுதுக்காகத் தண்ணீரை நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள். ஒரு போகம் முழுக்க நிலம் சும்மா கிடக்கும். எனக்கு உடனே கை பரபரத்தது. வறட்சி தாங்கும் தீவனச் சோளத்தை விதைத்து, ஆளுயரம் வந்ததும் வெட்டி, வெயிலில் காயவைத்து, கட்டுக் கட்டி மாட்டுக்காரர்களுக்குக் கொடுத்தால் என்ன? நாம் அவித்துத் தின்னும் ஜாகோங், அதாவது மக்காச்சோளம், இல்லை இது. மெல்லிய தண்டோடு நெடுநெடுவென்று வளரும் வேறு பயிர். நெல் தாளுக்கு நடுவில் விதைத்துவிட்டால் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே முளைத்துவிடும்.

"காஞ்ச குப்பைய எந்த மாடு லா தின்னும்?" என்று கூட்டத்தில் சிரித்தார்கள். நம் ஆட்களுக்குத் தீனி என்றால் பச்சையாக இருக்க வேண்டும். சிரிக்காதவர் ஒரே ஆள், காப்பார் சரசு அக்கா. கணவர் போன பிறகு ஆறு கறவை மாடுகளைத் தனியாகக் கட்டி மேய்ப்பவர். சின்ன லோரி ஒன்றை அவரே ஓட்டிக்கொண்டு விடியலில் பிரிக்பீல்ட்ஸில் வீடு வீடாகப் பால் ஊற்றுவார். "மொத கட்ட எனக்குக் குடுங்க சார். தின்னலன்னா மறுபடி ஒங்க தலையிலயே போட்டுர்றேன்" என்றார். முதல் அறுப்பில் வந்த காய்ந்த கட்டுகளை அவருடைய மாடுகள் ஒரு துரும்பு விடாமல் தின்றன. அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வயலில் டிராக்டர் ஓட்டியவர், வெட்டியவர், கட்டியவர் எல்லாம் ஒரே ஆள். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பாய் என்றே எழுதுகிறேன். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். பெர்மிட் புதுப்பிக்கும் தாளில் கையெழுத்துப் போடுபவன் நான். அதோடு நானே போட்ட சட்டம் ஒன்றும் இருந்தது: தொழிலாளர்கள் அங்கத்தினர்களோடு நேராகப் பேசக் கூடாது, எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்ல வேண்டும். ஆளாளுக்கு ஒன்று சொன்னால் குழப்பம் வரும் என்பது என் எண்ணம். அப்படி ஒரு சட்டம் போட்டதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

முதல் அறுப்புக்குப் பிறகு மூன்று வாரம் ஒரு சொட்டு மழை இல்லை. வெட்டிய தாள்கள் சுருண்டு வாடி நின்றன. பிறகு இரண்டு நாள் அடித்து ஊற்றியது. மூன்றாம் நாளிலிருந்து தாள் முழுக்கத் துளிர் வெடித்து, வயலே பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி ஆகிவிட்டது. சரசு அக்காவிடமிருந்து போன் வந்தது.

"சார், முழங்கால் ஒசரம் கூட இல்ல, அப்புடி ஒரு எளசு! வீணாத்தானே போவும்? வெள்ளிக்கெழம வந்து ஒரு லோரி அறுத்துக்கவா?"

"தாராளமா அறுத்துக்குங்க அக்கா. இதெல்லாமா கேப்பாங்க?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நேப்பியர் புல் எவ்வளவு இளசோ அவ்வளவு சத்து என்று இருபது வருடம் கொட்டகை கொட்டகையாகப் போய்ச் சொன்ன வாய் இது. சோளமும் புல் மாதிரிதானே என்று நினைத்துவிட்டேன். இந்த நாட்டில் நானும் சோளக் கொல்லையைப் பார்த்தவனில்லை, அக்காவும் பார்த்தவரில்லை. விதைப் பையின் மேல் இருந்ததைப் படித்தும் வீடியோ பார்த்தும் வந்த அறிவு என்னுடையது.

அந்த வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தோசைக் கடையில் உட்கார்ந்தேன். எதிரே செமினி, சுங்கை பூலோ அங்கத்தினர்கள் நான்கு பேர், கூட்டத்தில் அதிகம் சிரித்தவர்கள். ஒரு கைப்பிடி காய்ந்த சோளத்தை மேசையில் பரப்பி, "மோந்து பாருங்க, மோந்து பாருங்க" என்று கை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, இது கடையா மாட்டுக் கொட்டாயா?" என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக நான் பேசியதில்லை.

பதினொரு மணிக்குப் பாய் கூப்பிட்டார்.

"சார், அக்கா பச்சைய அறுத்து லோரியில ஏத்திட்டுக் கெளம்பிட்டாங்க. நான் அந்தக் கோடியில இருந்தேன், இப்பத்தான் பாத்தேன்."

"நான்தான் சொன்னேன். விடுங்க பாய்."

"அதில்ல சார், அது வந்து..."

"பாய், கூட்டத்துல இருக்கேன்."

துண்டித்தேன். மறுபடி அடித்தார், எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. நான்கு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வயலில் ஓட்டுகிற ஆள் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதாக அவர்கள் நினைத்துவிடக் கூடாது. ஒலியை அடைத்துக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம் ஒரு குரல் செய்தி வந்திருக்கிறது. மேசை ஒரு தடவை அதிர்ந்தது நினைவிருக்கிறது. நான் இன்னொரு கிளாஸ் தே தாரேக் சொன்னேன்.

பில் கொடுக்க எழுந்தபோது பதினொன்று ஐம்பது. நடந்துகொண்டே காதில் வைத்தேன்.

"சார், மன்னிச்சுக்குங்க. எங்க ஊர்ல எளஞ்சோளத்த மாடு தின்னா செத்துடும். காஞ்சு கெடந்து மழைக்குத் துளிர்த்தது இன்னும் மோசம். ஒரு கை தின்னாக்கூடப் போயிடும். அக்கா நம்பர் எங்கிட்ட இல்ல சார். நீங்க ஒரு போன் போட்டு, மாட்டுக்குக் காட்ட வேணாம்னு மட்டும் சொல்லிடுங்க."

ரோட்டோரத்தில் நின்றுவிட்டேன். அக்காவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மீண்டும் அடித்தேன், எடுக்கவில்லை. ஆடி வெள்ளி. காப்பார் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருப்பார், மேளச் சத்தத்தில் பையில் கிடக்கும் போன் எங்கே கேட்கப் போகிறது! பாய்க்கு அடித்தேன். அவரும் எடுக்கவில்லை. முக்கால் மணி நேரமாக நான் செய்ததை இப்போது எனக்கு யாரோ செய்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறியதும் மாட்டு டாக்டரம்மாவைப் போனில் பிடித்தேன். சின்ன வயது மலாய்ப் பெண், அதிகம் பேச மாட்டார். நடந்ததைச் சொன்னேன். ஊசி தன்னிடம் இருக்கிறது என்றார், ஆனால் தான் ரவாங்கில் இருப்பதாகவும், வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றும் சொன்னார். அதற்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டாம். வளர்ப்பு மீன் கடைகளில் தண்ணீரின் குளோரினைப் போக்க வெள்ளைக் கல் விற்பார்கள், அதுவும் இளஞ்சோளத்தின் சயனைடு நஞ்சுக்கு மருந்துதான். வாங்கிக்கொண்டு போங்கள், கொட்டகைக்குப் போனதும் என்னைக் கூப்பிடுங்கள், அளவு சொல்கிறேன். நின்றுகொண்டிருக்கும் மாட்டுக்கு மட்டும்தான் கொடுக்கலாம், படுத்துவிட்ட மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சில் ஏறிவிடும் என்றார்.

கிள்ளானுக்குள் நுழைந்ததும் மனசுக்குள் பெரிய சண்டை. கடையைத் தேடி நிற்பதா, நேராக ஓடுவதா? கால் நேராக ஓடு என்றது. வெறுங்கையோடு போய் நின்று என்ன செய்வேன் என்று கேட்டுக்கொண்டு வண்டியை ஒதுக்கினேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். மீன் கடையில் ஒரு சீனக் கிழவர். நான் பாக்கெட்டைக் காட்டி நான்கு கேட்டதும் மலாயில் நிதானமாக விசாரணையை ஆரம்பித்தார். தொட்டி எவ்வளவு பெரிசு? எத்தனை மீன்? "மீன் இல்ல பாஸ், லெம்பு! லெம்பு!" என்று கத்தினேன். தொட்டியில் யார் மாடு வளர்ப்பார்கள் என்பது போல என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நான்கு பாக்கெட்டுகளையும் பையில் போட்டு, பையின் வாயை அழகாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

கொட்டகை வாசலில் ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். உள்ளே பாய், சட்டை கிழிந்து, முழங்கையில் ரத்தத்தோடு. என் பதிலுக்காகப் பதினொன்று நாற்பதுவரை காத்திருந்து பார்த்துவிட்டு, பக்கத்து வயல்காரரின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். முதல் கட்டுகளை இறக்க வந்ததில் வழி தெரியும். லைசென்ஸ் கிடையாது. வழியில் ஒரு போலீஸ் மறித்தால் பெர்மிட் போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஜும்ஆ தொழுகையையும் விட்டுவிட்டு வந்திருந்தார். கேட் பூட்டியிருந்ததால் வேலி ஏறிக் குதித்து, குவித்திருந்த பச்சையை வாரி வாரி வெளியே எறிந்திருக்கிறார். திருடன் என்று அக்கம்பக்கத்தார் பிடித்துவிட்டார்கள். "கட்டிப் போடணும்னா கட்டிப் போடுங்க, இந்தப் புல்ல மட்டும் மாடுங்க கிட்ட விடாதீங்க" என்று கத்தியிருக்கிறார். அதைக் கேட்டுத்தான் ஒருவர் கோயிலுக்கு ஓடி அக்காவைக் கூட்டி வந்தார்.

அக்கா நெற்றி நிறையக் கோயில் திருநீற்றோடு தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் செவளையின் தலை. ஒன்பது மாதச் சினை. லோரியை விட்டு இறங்கியதும், வயிற்றுப் பிள்ளைக்காரி என்று ஒரு கை இளசை அவளுக்கு மட்டும் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறார். மற்ற மாடுகளுக்கு மத்தியானம் கறந்த பிறகு போடலாம் என்று வைத்திருந்தார். செவளையின் மூச்சு கொட்டகை முழுக்கக் கேட்டது. என் கையில் மீன் கடைப் பை. படுத்த மாட்டுக்கு ஊற்றக் கூடாது. நான் நின்றேன்.

"சார், இந்தப் பக்கம்! கருப்பியும் ரெண்டு வாய் இழுத்திருக்கு. நடுங்குது, ஆனா நிக்குது" என்றார் பாய்.

டாக்டரம்மா போனிலேயே அளவு சொன்னார். கல்லைக் கரைத்தோம். பாய் தலையைத் தூக்கிப் பிடிக்க, நான் போத்தலைக் கடைவாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பாதி என் சட்டையில் கொட்டியது. கருப்பி நின்றுகொண்டே இருந்தாள். எங்கள் முதுகுக்குப் பின்னால் செவளையின் மூச்சுச் சத்தம் நின்றுபோனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டரம்மா வந்து ஊசி போட்டபோது அது கருப்பிக்கு மட்டும்தான் தேவைப்பட்டது.

எல்லோரும் கலைந்த பிறகு நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அக்கா அழவில்லை. பாயைப் பார்த்துக் கேட்டார்.

"ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. நான் ஏத்திக்கிட்டுப் போறதப் பாத்துட்டு ஒரு போனு பண்ணச் சொல்லி யார்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல தம்பி?"

பாய் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அப்பத் தோணலக்கா. அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு. என் தப்புதான்."

பிள்ளைகளே, இங்கேதான் கவனமாகப் படியுங்கள். நல்ல மனுஷன், நம்மைக் காப்பாற்றுகிறான் என்று ஒரு கணம் நன்றியாகக்கூட இருந்தது, சீ! அடுத்த கணம்தான் உறைத்தது. அது நல்ல மனசு இல்லை, பயம். அவர் பெர்மிட்டில் கையெழுத்துப் போடுகிறவன் எதிரே நிற்கிறான். போலீசுக்குப் பயப்படாமல் அத்தனை தூரம் வந்த மனுஷன் எனக்குப் பயந்து பொய் சொல்கிறார். அவமானம் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்திருந்தால் கூட்டம், கைப்பேசி, மரியாதை என்று ஏதாவது சேர்த்திருப்பேன். குரல் செய்தியைத் திறந்து, ஒலியைக் கூட்டி, அக்காவின் முன்னால் நீட்டினேன். "எங்க ஊர்ல எளஞ்சோளத்த மாடு தின்னா செத்துடும்" என்று பாயின் குரல் அந்தக் கொட்டகையில் கேட்டது. செவளை அங்கேயேதான் கிடந்தாள். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா முழுவதும் கேட்டார்.

"இது எத்தன மணிக்கு வந்துச்சு?"

"பதினொன்னு அஞ்சு."

"நீ எப்பக் கேட்ட?"

பத்து வருடமாக என்னைச் சார் என்று கூப்பிட்டவர்.

"பதினொன்னு அம்பது."

"பதினொன்னு அஞ்சுக்கு நான் பாதி வழிகூட வரல, கோலசிலாங்கூரக்கூடத் தாண்டல" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய் வாளியில் தண்ணீர் பிடித்துக் கருப்பிக்கு வைத்தார். அவர் என்னை இரண்டு அடி அடித்திருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலை என் சட்டத்தைக் கிழித்தேன். தொழிலாளர்கள் எல்லோருக்கும் அங்கத்தினர்கள் எண்ணைக் கொடுத்தேன். பெர்மிட் கையெழுத்தை என்னிடமிருந்து எடுத்துச் சங்கக் குழுவிடம் கொடுக்கும்படி எழுதியும் கொடுத்தேன். செவளைக்குப் பதிலாக ஒரு சினைப் பசுவைச் சங்கம் வாங்கிக் கொடுத்தது. அது செவளை இல்லை என்று அக்காவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மிஞ்சிய இரண்டு பாக்கெட் வெள்ளைக் கல் ரொம்ப நாள் என் கார் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. மீன் வளர்க்கிறீர்களா என்று ஏறுகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

துளிர்த்த சோளத்தை உழுது போடலாம் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்றார் பாய். ஆளுயரத்துக்கு விட்டு, பூ எட்டிப் பார்க்கும்போது வெட்டி, நன்றாகக் காயவைத்துவிட்டால் ஒன்றும் செய்யாது, எங்கள் ஊரில் வருடம் முழுக்க மாடு தின்பது அதைத்தானே என்றார். நான் டாக்டரம்மாவிடமும் கேட்டுக்கொண்டேன். இந்தத் தடவை பாய் சொன்ன நாளில் வெட்டினோம், அவர் போதும் என்னும்வரை காயவைத்தோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் வயலுக்குப் போய்த் தண்டை ஒடித்து ஒடித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்கா கேட்காமலேயே முதல் லோரி காப்பாருக்குப் போனது. நானும் பாயும் இறக்கினோம். அக்கா வெளியே வந்து, ஒரு கட்டின் கயிற்றை அறுத்து, ஒரு கை அள்ளி எடுத்துக்கொண்டு கருப்பியின் பக்கத்தில் போய் நின்றார். கருப்பி மூக்கை நீட்டினாள். அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"போடலாமா?"

கேட்டது பாயை. பாய் பழக்க தோஷத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன ஏன் பாக்குறீங்க? அக்கா ஒங்களத்தான் கேக்குறாங்க" என்றேன்.

பாய் அக்காவின் கையிலிருந்து ஒரு தண்டை உருவி ஒடித்தார். உள்ளே பார்த்தார், முகர்ந்தார், இன்னொன்றை எடுத்து ஒடித்தார். அவசரப்படவே இல்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

"போடுங்கக்கா" என்றார்.